பெருநாளைக்கு மட்டும் வருகிறவர்களை என்ன செய்வது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

நோன்புப் பெருநாள் அன்று காலை தொழுகைக்குப் போயிருந்தோம். திடல் நிறையச் சனம். தக்பீர் சத்தம், அத்தர் வாசம், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள். தொழுகை முடிந்து குத்பா தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் பேச்சு வழமையான இடத்துக்கு வந்துவிட்டது. "இன்றைக்கு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்களே, நாளைக்கு சுபஹுக்கு எத்தனை ஸஃப் நிற்கும்? பதினொரு மாதமும் எங்கே இருந்தீர்கள்? நீங்கள் அல்லாஹ்வை வணங்குகிறீர்களா, ரமழானை வணங்குகிறீர்களா?"

எங்களுக்குப் பக்கத்தில் எங்களிடம் படித்த பையன் ஒருவன் இருந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் தொழுகை விரிப்பைச் சுருட்டினான், மகனின் கையைப் பிடித்தான், எழுந்து போய்விட்டான். அவன் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் வருகிறவன் என்று எங்களுக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரியும். மிம்பரில் இருந்து ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் அவன் அதை அறிய வேண்டும் என்றில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஒரு போதகர் வந்தார். வாவிக்கரையில் உள்ள சிறிய சபை ஒன்றைப் பார்க்கிறவர். இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். பெருநாளைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் சாப்பிட வருவார், நத்தாருக்கு நாங்கள் அவர் வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போவோம். காலையில் நடந்ததை அவரிடம் சொல்லி, "உங்களுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கும்தானே பாஸ்டர், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "சேர், எங்களுக்கு அது வருஷத்துக்கு இரண்டு தரம். நத்தார் ஒன்று, உயிர்த்த ஞாயிறு ஒன்று" என்றார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அவருடைய ஆராதனைக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். யார் எந்த வாங்கில் இருப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். நத்தார் ஆராதனைக்கு உள்ளே இடம் போதாது. வெளியே பிளாஸ்டிக் கதிரை போட வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழும்புவார்கள். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். போதகராக வந்த ஆரம்பத்தில் அவருக்கு இது கோபத்தைத்தான் கொடுத்ததாம். வருடம் முழுக்கக் கத்தியும் வராத சனம், கேக் வெட்டுகிற நாளில் மட்டும் வருகிறதே என்று.

2004 நத்தார் ஆராதனை முடிவில் ஒரு பகிடி விட்டாராம். "வந்த எல்லாருக்கும் நன்றி, பலரை அடுத்த நத்தாருக்குச் சந்திப்போம்" என்று. ஒழுங்காக வருகிறவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அது சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு, டிசம்பர் 26. காலையில் கடல் வந்தது.

நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று அந்தக் கரை முழுக்க என்ன நடந்தது என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எங்கள் காத்தான்குடிக் கரையையும் அது விட்டுவைக்கவில்லை. முதல் நாள் அவர் முன்னால் தலையைக் குனிந்து இருந்தவர்களில் சிலருடைய உடலை அவரே அடக்கம் செய்தார். "அடுத்த நத்தார் என்று ஒன்று அவங்களுக்கு இருக்கல்ல சேர். அவங்க கடைசியாகக் கேட்ட பிரசங்கம் என்னுடைய நக்கல்" என்றார்.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். அந்த ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போனவர்கள் தப்பினார்கள், வீட்டில் நின்றவர்கள் போனார்கள் என்று அப்போது ஒரு கதை இருந்ததே என்று. எங்கள் பக்கமும் அதே மாதிரிக் கதைகள் இருந்தன. பள்ளிவாசல் மட்டும் நின்றது, சுற்றி இருந்தது எல்லாம் போனது என்று படங்களோடு சுற்றித் திரிந்தன.

அவருக்கு முகம் மாறிவிட்டது. அகதி முகாம்களில் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்த பிரசங்கிமாரை அவருக்கு இன்றும் மன்னிக்க முடியவில்லையாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், நீ ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்று சொல்கிற மார்க்கம் யாருடைய மார்க்கம்?

இந்தக் கணக்கு மட்டக்களப்பில் எந்தப் பக்கத்துக்கும் சரிவராது. யோசித்துப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் ஊரின் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயம். சுமார் முப்பது உயிர்கள். அதில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள், ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். அன்று நித்திரையால் எழும்பப் பிந்தியவர்கள் தப்பினார்கள்.

வணக்க இடத்துக்கு வந்தவன் பாதுகாக்கப்பட்டான், வராதவன் தண்டிக்கப்பட்டான் என்று யாராவது சொன்னால், இந்த மூன்று இடத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகளை இன்னும் பார்க்கலாம்.

அடுத்து அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுத வேண்டும்.

2019க்குப் பிறகு, பெருநாளைக்கு மட்டும் வருகிறவர்களின் நிலைமை முழுதாக மாறிவிட்டது. சீயோன் வாசலுக்கு வந்தவன் அங்கே யாருக்கும் முன்பின் தெரியாதவன். தோளில் பை. அவனோடு மரியாதையாகத்தான் கதைத்தார்கள். சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் மறித்தவர் அந்த இடத்திலேயே உயிர் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோயில் வாசலிலும் மேசை வந்தது, பை திறந்து பார்த்தார்கள், பெருநாள் காலங்களில் பொலிஸ், இராணுவம். தெரியாத முகம் என்றால் பயம்.

சரி, நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் வருகிறவர் யார்? அவர்தான் அந்தத் தெரியாத முகம். ஒழுங்காக வருகிறவரை வாசலில் நிற்கிற பொடியனுக்குத் தெரியும், கையசைத்து உள்ளே விடுவான். வருடத்துக்கு ஒரு தரம் வருகிறவரை நிறுத்தி, பெயர் கேட்டு, எந்த வீதி, யாருடைய சொந்தம் என்று கேட்பான். அப்படி ஒரு முறை ஒரு வயதான மனிதர், "நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில் மகன் இது" என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார். போதகர் ஆராதனை முடிந்து கேள்விப்பட்டு, சைக்கிளில் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். அந்த மனிதர் கோபிக்கவில்லை. "அவன் பிழை இல்லை பாஸ்டர், நான் வந்து காட்டின முகம் காணாது" என்று சொன்னாராம்.

அந்த மேசை அந்த வாசலுக்கு ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்தவர்களின் தலைவன் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவன். நாங்கள் செய்யவில்லை, எங்கள் மார்க்கம் அதைச் சொல்லவில்லை, அவனுடைய மையித்துக்கு எங்கள் மண்ணில் இடமில்லை என்று எல்லாம் சொன்னோம். சொன்னது உண்மைதான். அந்த ஏப்ரலுக்குப் பிறகு வாசல்களில் நிறுத்தப்பட்டுக் கேள்வி கேட்கப்படுவது எப்படி என்பதை எங்கள் பெண்களும் பிள்ளைகளும் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். அதுவும் உண்மை.

ஆனால் ஒரு விஷயத்தை எங்களுக்குள் நாங்கள் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை என்று நினைக்கிறோம். ஸஹ்ரான் கோயிலில் தொடங்கவில்லை. முதலில் எங்களில்தான் தொடங்கினான். யார் சரியான முஸ்லிம், யார் பெயருக்கு முஸ்லிம், யார் முஸ்லிமே இல்லை என்று மேடை போட்டுப் பிரித்துக் கதைத்தான். ஊருக்குள் இருந்த சூபி வழியினரோடு மோதினான். 2017 மார்ச்சில் அது வீதிச் சண்டையாகி, அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். சனத்தைத் தரம் பிரித்துத் திட்டுகிற பேச்சைக் கேட்டு, நல்லாச் சூடாப் பேசுறார் என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

பெருநாள் குத்பாவில் நாலு வார்த்தை ஏசுகிற எல்லா மௌலவிமாரையும் அவனோடு சேர்க்கிறோம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். அது அநியாயம். பெரும்பாலானவர்கள் அக்கறையில்தான் ஏசுகிறார்கள். எங்களுக்கு ஓதித்தந்தவர்கள் அவர்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: வந்திருப்பவனைப் பார்த்து நீ அரை முஸ்லிம் என்று சொல்கிற பழக்கம் சின்னப் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்துக்கு நாங்கள் தலையாட்டிப் பழகியிருந்தபடியால்தான், அதையே முற்றவைத்துப் பேசியவனை நேரத்தோடு அடையாளம் காணப் பிந்தினோம்.

எங்கள் மார்க்கத்திலேயே இதற்குத் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. முஆத் (ரழி) அவர்களின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். இஷாவில் நீண்ட சூராவை ஓதத் தொடங்கினார்கள். பகல் முழுக்க ஒட்டகம் வைத்துத் தண்ணீர் இறைத்துவிட்டுக் களைத்து வந்த மனிதர் ஒருவர் தாங்க முடியாமல் தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். அவர் முனாஃபிக் என்று பேச்சு வந்தது. விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது கண்டிப்பு யாருக்குக் கிடைத்தது? களைத்து விலகிப்போனவருக்கு இல்லை. நீட்டி ஓதியவருக்குத்தான். பின்னால் நிற்பவர்களில் பலவீனர் இருப்பார், வயதானவர் இருப்பார், வேலை உள்ளவர் இருப்பார் என்பதை இமாம் நினைக்க வேண்டும் என்று படிப்பித்தார்கள். வெறுக்க வைக்காதீர்கள், இலகுவாக்குங்கள் என்பது அவர்கள் பொதுவாகவே கொடுத்த அறிவுரை.

போதகர் தங்கள் வேதத்தில் இருந்து ஒன்றைச் சொன்னார். ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிற இளைய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார், விருந்து வைக்கிறார். வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிறான். "நான் அத்தனை வருஷமும் மூத்த மகனுடைய பிரசங்கத்தைத்தான் செய்திருக்கிறேன் சேர்" என்றார்.

இப்போது அவர் என்ன செய்கிறார்? பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தோம்.

நத்தார் அன்று வரவைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. புகழ்ந்தும் பேசுவதில்லை, ஏசியும் பேசுவதில்லை. எழும்பும் இடம், இருக்கும் இடம், பாட்டின் பக்கம் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொல்லித்தான் போவார், யாரும் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று. சபைக்குள் மட்டும் விளங்குகிற பகிடி, கமிட்டிச் சண்டை, கட்டிட நிதி எதையும் அன்றைக்கு எடுப்பதில்லை. பிரசங்கம் சுருக்கம். அன்றைய நாளின் விஷயம் எதுவோ அது மட்டும். வருடத்துக்கு ஒரு தரம் வருகிறவர் ஒரு தரம் கேட்டாலும் முழு விஷயத்தையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வாசலில் பை பார்க்கிற பொடியன்களோடு ஒழுங்காக வருகிற மூத்தவர் ஒருவரையும் நிறுத்துகிறார். பழைய குடும்பங்களை அடையாளம் தெரிந்தவராகப் பார்த்து. பரிசோதனையை விட முடியாது, ஆனால் பரிசோதிக்கப்படுகிறவருக்குத் தன்னைத் தெரிந்த ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும் என்கிறார்.

ஜனவரி மாதம் வீடு வீடாகப் போகிறார். ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லை. சுகம் விசாரிக்க. அப்படிப் போனபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்ததாம். ஒருவர் கட்டாரில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவில்தான் கோயில். ஒருவர் வாவியில் தோணி ஓட்டுகிறவர், சனி இரவு வலை போட்டால் ஞாயிறு காலை மீனோடு சந்தையில் நிற்க வேண்டும். ஒரு பெண் கணவன் பிரிந்து போனபிறகு மற்றவர்களின் கேள்விக்குப் பயந்து வருவதில்லை, கூட்டத்தோடு கூட்டமாக இருக்கலாம் என்பதால் நத்தாருக்கு மட்டும் வருகிறார். 2019க்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிவரப் பயந்து நின்றவர்கள் பலர். இவர்களில் யாருக்காவது, எங்கே இருந்தாய் என்ற கேள்வி பொருந்துமா?

ஒரு எதிர்க்கேள்வி வரும், அது நியாயமானதும்கூட. இப்படி எல்லோரையும் தடவிக்கொடுத்துக்கொண்டே போனால் மார்க்கம் என்னாகும்? புதுச் சட்டையும் பிரியாணியும் கேக்கும்தான் மிஞ்சும். ஒழுங்காக வருகிறவனுக்கும் வராதவனுக்கும் வித்தியாசம் இல்லையா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது அமானிதத்தில் மோசடி இல்லையா?

சொல்ல வேண்டும்தான். தொழுகை கடமை, அதை யாரும் குறைத்துப் பேசவில்லை. எங்கே, எப்போது, யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. நாங்கள் படிப்பிக்கிற ஆட்கள், எங்களுக்குத் தெரிந்த உதாரணம் வகுப்பறைதான். வரவு இடாப்பில் பாதி நாள் சிவப்புப் பேனையால் குறிக்கப்பட்ட பிள்ளை ஒன்று ஒருநாள் வருகிறது. முழு வகுப்புக்கும் முன்னால், "வாங்க ஐயா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். எங்களுக்கும் ஒரு திருப்தி. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது. இருபத்தைந்து வருடத்தில் இதைப் பல தடவை செய்திருக்கிறோம், பல பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறோம். இடைவேளையில் கூப்பிட்டு, தனியாக, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் கதைத்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. போதகரும் அதையே சொன்னார். ஏச்சை நிறுத்திய பிறகு சபை நிரம்பி வழியவில்லை, நாற்பது ஐம்பது பேர்தான் இன்றும். ஆனால் நத்தாருக்கு வருகிறவர்கள் நத்தாருக்காவது வருகிறார்கள், வீட்டில் மரணம் என்றால் இரவு ஒரு மணிக்கும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

கடைசியாக எங்களுக்கே ஒரு அடி கிடைத்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

"உங்கள் பிள்ளைகள் ஏன் பாஸ்டர் ஞாயிறு ஆராதனைக்கு வாறதில்ல?" என்று பெரிய ஆள் மாதிரிக் கேட்டோம். அவர் வட்டிலப்பக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "சாதாரண தரம் எழுதுற பிள்ளைகளில பாதிப் பேரை ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீங்கதானே சேர் பிடிச்சு வச்சிருக்கீங்க" என்றார்.

உண்மைதான். எங்கள் கணித ரியூஷன் வகுப்பு ஞாயிறு எட்டு மணி. அதில் எட்டு கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் யாராவது வகுப்பு வைத்தால் நாங்கள் என்ன குதி குதித்திருப்போம்? ஞாயிறு காலையைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தப் பிள்ளைகளும் கேட்கவில்லை, சேரிடம் எப்படிக் கேட்பது என்று இருந்திருப்பார்கள்.

வகுப்பை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றிவிட்டோம். பெற்றோருக்கு அறிவித்தாயிற்று. மற்ற ஆசிரிய நண்பர்களும், குறிப்பாக எங்கள் ஊரில் இருந்து கல்லடிப் பாலம் தாண்டிப் போய் வகுப்பு எடுக்கிறவர்கள், இதை யோசித்துப் பாருங்கள். பெரிய நல்லிணக்கக் கூட்டங்களை விட இது சின்ன வேலைதான். ஆனால் எங்கள் கையில் இருக்கிற வேலை.

பெருநாள் அன்று எழுந்து போன அந்தப் பையன் இன்னும் கொழும்புக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டோம். இந்தக் கிழமை அவன் வீட்டுக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ். ஏன் போனாய் என்று கேட்கப் போவதில்லை. மகனுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போய்ச் சுகம் விசாரித்துவிட்டு வருவோம்.

வருகிற ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. சீயோனில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று எழுத எங்களிடம் வார்த்தை இல்லை. அன்று கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ நண்பர்களுக்கு, ஒழுங்காகப் போகிறவர்களுக்கும் அன்று மட்டும் போகிறவர்களுக்கும், எங்கள் வாழ்த்துகள். பயமில்லாமல் போய், பத்திரமாக வீடு திரும்புங்கள். ஞாயிறு காலை வகுப்பு இல்லை.

வஸ்ஸலாம்.